தரங்கம்பாடி சுற்றுநடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலத்தில் மாதம் ஒரு ஞாயிறு, விடிவதற்குள் தரங்கம்பாடியில் கூடி, கடற்கரையிலிருந்து உள்ளூர்ப்புறமாகக் கிராமங்கள் வழியே நடந்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்கிற சிறு கூட்டம் எங்களுடையது. சங்கம் இல்லை, பதிவு எண் இல்லை. புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

தரங்கம்பாடி என்றால் கோட்டைதானே? வயற்காட்டில் நடந்து பார்க்க என்ன இருக்கிறது?

கோட்டையைப் பார்க்க அரை மணி நேரம் போதும். கடலைப் பார்த்தபடி ஒரு படம், அருங்காட்சியகத்தில் ஒரு சுற்று, வெளியே வந்து ஒரு ஐஸ்கிரீம். அதோடு ஊர் முடிந்துவிட்டது என்று வண்டியைக் காரைக்கால் பக்கம் திருப்பிவிடுகிறார்கள்.

அந்தக் கோட்டை ஏன் இங்கே வந்தது என்பதற்கான விடை கோட்டைக்குள் இல்லை. தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் இங்கே இறங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியது கடற்காற்று இல்லை. மிளகும் துணியும் பிற சரக்கும். அதாவது ஊருக்குப் பின்னால் விரிந்து கிடக்கிற நாடு. 225 ஆண்டுகள் இருந்துவிட்டு, 1845இல் வங்காளத்திலிருந்த சேரம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். காவிரியின் கடைமடையில், கடலோரமாக ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர் இது. முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு மேற்கே பார்த்து நடந்தால்தான் இந்த ஊர் பிடிபடும்.

அதனால்தான் எங்கள் நடை எப்போதும் நகர வாயிலில் தொடங்குகிறது. 1792இல் கட்டிய அந்த வெள்ளை வாயில் வழியாக எல்லோரும் ஊருக்குள் வருவார்கள். நாங்கள் அதே வாயில் வழியாக வெளியே போவோம்.

எந்த மாதங்களில் நடக்கிறீர்கள்?

மார்கழி பிற்பகுதியிலிருந்து மாசி முடிய. பங்குனியில் ஒன்று, அதுவும் குறுகிய தூரம். அவ்வளவுதான்.

ஐப்பசி, கார்த்திகையில் வர ஆசைப்படுபவர்கள் உண்டு. பசுமையாக இருக்குமே என்பார்கள். பசுமையாகத்தான் இருக்கும், முழங்கால் தண்ணீரில். வடகிழக்குப் பருவமழையில் மேலே பெய்கிற தண்ணீரெல்லாம் வடிந்து கடைசியாக வந்து நிற்கிற இடம் இதுதான். வீரசோழன், மகிமலையாறு, நண்டலாறு என்று எத்தனையோ கிளைகள் இந்தப் பக்கத்தில் கடலைத் தேடி வருகின்றன. புயல் சின்னம் உருவாகும் காலமும் அதுதான். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கே மண்டை காயும். ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவை ஏறியிருக்கும், பார்க்க அழகு, ஆனால் காற்றே இல்லாத புழுக்கம்.

ஒரு நடைக்கு மட்டும்தான் வர முடியும் என்றால் பொங்கலையொட்டி வாருங்கள். சம்பா முற்றி, சாய்ந்து, சில வயல் அறுவடையாகி, சில வயல் காத்திருக்கும். அறுவடை இயந்திரம் ஒரு பக்கம் இரைந்துகொண்டிருக்கும். சாலையில் பாதியை அடைத்து நெல் காயும். அந்த நெல்லைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் துடுப்போடு நின்று நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எந்தெந்தப் பாதை? எவ்வளவு தூரம்?

மூன்று பாதைகளை மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறோம். தூரமெல்லாம் குத்துமதிப்புதான், எந்த வரப்பில் திரும்புகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு கிலோமீட்டர் கூடும் குறையும்.

எனக்குப் பிடித்தது காகிதப் பாதை. வாயிலிலிருந்து பொறையார், அங்கிருந்து தில்லையாடி; ஏழு கிலோமீட்டர் போல வரும். ஏன் காகிதம்? 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கே வந்திறங்கித் தமிழ் கற்றார் என்பது எல்லோருக்கும் தெரியும். 1713இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. பிரச்சினை என்னவென்றால் அந்த எழுத்துகள் பெரியவை. பெரிய எழுத்து காகிதத்தைத் தின்றது. காகிதமோ கப்பலில் வரவேண்டும். எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். புதிய ஏற்பாட்டின் முதற்பகுதி பெரிய எழுத்திலும் பிற்பகுதி சிறிய எழுத்திலுமாக 1715இல் அச்சாகி முடிந்தது. அதுவும் போதாமல், காகிதத்தை இங்கேயே செய்துவிடலாம் என்று பொறையார்ப் பக்கம் ஓர் ஆலை போட்டார்கள். ஆலை நெடுநாள் ஓடவில்லை. ஆனால் அந்த இடத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது: கடுதாசிப்பட்டறை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை என்று முன்பே சொல்லிவிடுகிறேன். ஒரு பெயரைப் பார்க்க நடந்து போகிறோம். சிலர் ஏமாந்துபோவார்கள். எனக்கு என்னவோ, கோட்டையைவிட அந்தப் பெயர் பெரிதாகத் தோன்றும்.

தில்லையாடியில் வள்ளியம்மை நினைவு மண்டபம். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, காந்தியின் போராட்டத்தில் சிறை போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914இல் 16 வயதில் இறந்துபோன பெண். இந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. இது அவருடைய பெற்றோர் வழி ஊர். மறு ஆண்டே, 1915இல், காந்தி இங்கே வந்தார். மண்டபத்தில் நூலகமும் உண்டு. போன மாசியில் அங்கே ஒரு பள்ளிக்கூடப் பையன், வெளி வாசற்படியில் குந்தி, கணக்குப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தான். எங்கள் சேறு பூசிய கால்களைப் பார்த்துவிட்டு, "கால் கழுவிட்டு உள்ள போங்க"ன்னு ஒரே வார்த்தை. பன்னிரண்டு பேரும் வரிசையாகப் போய்க் குழாயடியில் நின்றோம்.

இரண்டாவது, ரயில் பாதை. மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகத் தரங்கம்பாடிக்கு 1926இல் மீட்டர் கேஜ் ரயில் விட்டார்கள், 1980களில் நிறுத்திவிட்டார்கள். மறுபடி விடச்சொல்லி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தடத்தை ஒட்டித் திருக்கடையூர்வரை போகிறோம், ஒன்பது கிலோமீட்டருக்குக் குறையாது. தடத்தின் மேலேயே நடக்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம். மேடாக நீளும் கோடு சில இடங்களில் மட்டும்தான் கண்ணுக்குப் பிடிபடும். மற்ற இடங்களில் சீமைக்கருவேலம், அல்லது யாராவது ஒருவர் வீட்டுக் கொல்லை. அப்படிப்பட்ட இடங்களில் சாலைக்கு வந்து, தாண்டிப் போய், மறுபடி தேடுவோம். எங்களில் ஒருவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். புதரைப் பார்த்தே "இங்க சிக்னல் இருந்திருக்கும்" என்பார். சரிபார்க்க வழியில்லை என்பதால் ஒத்துக்கொள்கிறோம்.

மூன்றாவது அனந்தமங்கலம் போய்த் திரும்புவது. எளிது, நிழல் அதிகம். பத்துக் கையும் முக்கண்ணுமாக ஆஞ்சநேயர் இருக்கும் கோயில் அங்கே. வயதானவர்கள் அதிகம் வரும் மாதத்தில் இதைத்தான் வைப்போம்.

வரப்பில் நடக்க யாரிடமாவது கேட்க வேண்டுமா?

கேட்க வேண்டும். வரப்பு பொதுவழி இல்லை. ஊரார் நடப்பதால் நாமும் நடக்கலாம் என்று ஆகாது. பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக மிதித்தால் ஈர வரப்பு உடைந்து தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். முந்தின வாரமே ஒருவர் போய், அந்தந்த ஊரில் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவார். மற்றபடி வண்டிப்பாதை, வாய்க்கால் கரை, ஊராட்சிச் சாலை, இவைதான் நம் வழி.

இதைச் சொல்லும்போது என் தப்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம். அறுத்து முடித்த வயல், தாள் மட்டும் நிற்கிறது, தரை காய்ந்திருக்கிறது. குறுக்கே போனால் கால் மணி நேரம் மிச்சம் என்று நான்தான் கூட்டத்தை உள்ளே இறக்கினேன். பாதி வயலில் இருக்கும்போது கரையிலிருந்து ஓர் அம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், சத்தம் போட்டார்: "யாரு அது? கீழ பாத்து நடக்கத் தெரியாதா ஒங்களுக்கு? உளுந்து வெதச்சிருக்கு!"

குனிந்து பார்த்தேன். தாளுக்கு நடுவே, நெருங்கிப் பார்த்தால்தான் தெரிகிற அளவில், இரண்டிரண்டு இலையாக உளுந்து முளைத்திருந்தது. சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள் ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அறுத்த பிறகு அது மண்ணில் மிஞ்சின ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்துவிடும். காலி வயல் என்று நான் நினைத்தது ஒருவருடைய கோடைக்கால வருமானம். வந்த காலடியிலேயே ஒவ்வொருவராகத் திரும்பினோம். மன்னிப்புக் கேட்டபோது அந்த அம்மா, "சரி சரி, புள்ளைங்களுக்கு எங்க தெரியப்போவுது" என்றார். என் வயது 52.

அதிலிருந்து, தை பிறந்த பிறகு காலியாகத் தெரியும் எந்த வயலிலும் இறங்குவதில்லை.

காலில் என்ன போட்டுக்கொள்வது?

பழைய செருப்பு. பின்பட்டை வைத்தது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, விலையுயர்ந்த மலையேற்ற ஷூவோடு வந்து நிற்கிறார்கள். இது களிமண். பனி ஈரத்திலேயே ஒட்டும். முதல் நாள் மழை பெய்திருந்தால் பத்தடிக்கு ஒரு தடவை அடிப்பகுதியில் அடைபோல் மண் சேர்ந்து, உயரமும் எடையும் கூடிக்கொண்டே போகும். செருப்பென்றால் வாய்க்காலில் ஒரு முக்கு முக்கி எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கடற்கரைப் பகுதியில் கையில் தூக்கிக்கொள்ளலாம். கோயில் வாசலில் கழற்றவும் எளிது.

முழுக்கால் உடை நல்லது. கருவேல முள் ஒன்று போதும், அரைக்கால் சட்டையின் அருமையை உணர்த்த. தொப்பி அல்லது துண்டு கட்டாயம்.

எத்தனை பேர் சேர்ந்து நடப்பீர்கள்? கூட்டத்தில் விதிமுறை ஏதாவது?

பதினைந்துக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒருமுறை முப்பது பேர் வந்துவிட்டார்கள். கிராமத்துக்குள் நுழைந்தபோது கட்சிப் பிரசாரம் என்று நினைத்து நாற்காலி எடுத்துப்போட்டார்கள். அன்றோடு சரி.

முன்னால் வழி தெரிந்தவர் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது, முன் ஆளைத் தாண்டி யாரும் ஓடக் கூடாது. வேகம் யாருடையது என்றால் அன்றைக்கு இருப்பவர்களில் மெதுவாக நடப்பவருடையது. மணிக்கு மூன்று கிலோமீட்டர் வருகிறது. காலடி எண்ணும் கடிகாரம் கட்டியவர்களுக்கு இது கசக்கும். அவர்கள் கடற்கரையில் தனியே ஓடிவிட்டு வரலாம், நாங்கள் தப்பாக நினைக்கமாட்டோம்.

பாட்டுப் பெட்டி வேண்டாம். பேசிக்கொண்டே நடக்கலாம், எதிரே வருபவர் பேசினால் நின்று பேசவேண்டும். "எந்த ஊரு? ஏன் நடந்து வர்றீங்க, பஸ் வரலியா?" என்ற கேள்விக்குக் குறைந்தது ஐந்து தடவை பதில் சொல்ல வேண்டிவரும். சும்மா நடக்கிறோம் என்றால் நம்பமாட்டார்கள். திருக்கடையூருக்கு என்றால் உடனே புரிந்துவிடும்: வேண்டுதல். மறுப்பதில்லை.

கட்டணம்?

கிடையாது. திரும்பிவரும் பேருந்துக் காசும் சாப்பாட்டுக் காசும் அவரவருடையது.

பெண்கள் வருகிறோம். கழிப்பறைக்கு என்ன செய்வது?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி, தனிச் செய்தியாக. நேரடியாகவே எழுதிவிடுகிறேன். கிளம்பும் இடத்திலும் முடியும் இடத்திலும் வசதி உண்டு. நடுவில் இரண்டரை மணி நேரம்வரை இல்லாமல் போகலாம். ரயில் பாதை நடையில் இது சிரமம். காகிதப் பாதையில் பொறையார் வந்துவிடுவதால் சிரமமில்லை. எங்களோடு தொடர்ந்து வரும் பெண்கள் வழியிலிருக்கும் சில வீடுகளோடு பழகிவைத்திருக்கிறார்கள். அக்கா, கொஞ்சம் உள்ளே வரலாமா என்றால் இதுவரை யாரும் மறுத்ததில்லையாம். போகிற வீட்டுக்கு ஒரு சீப்புப் பழம் வாங்கிப்போகும் வழக்கமும் அவர்களே ஏற்படுத்தியது. புதிதாக வருபவர்கள் அவர்களோடு சேர்ந்து நடந்தால் போதும். தண்ணீர் குடிக்காமல் வருவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர், சாப்பாடு?

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் கையில் இருக்கட்டும். வழியில் அடிபம்பைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். கடலையொட்டிய பகுதியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. ஒரு வாய் வைத்தால் தெரிந்துவிடும். இறால் குட்டைகள் வந்த பிறகு இன்னும் மோசம் என்று ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்பீர்கள்.

கிளம்பும்போது வாழைப்பழம், கடலைமிட்டாய். முடித்தபிறகு பொறையாரிலோ திருக்கடையூரிலோ இட்லி. திருக்கடையூர் என்றால் இன்னொரு சங்கதியும் உண்டு. அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்துகொள்ள வெளியூர்களிலிருந்தெல்லாம் வருகிற தலம் அது. மாலையும் கழுத்துமாகத் தாத்தா பாட்டிகள் வீதியில் போய்க்கொண்டே இருப்பார்கள். ஒரு தடவை வேர்த்து விறுவிறுத்துப்போய் ஒரு திண்ணையில் உட்கார்ந்த எங்களை, முன்பின் தெரியாத ஒரு குடும்பம் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்காரவைத்துவிட்டது. பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்கக்கூட வழியில்லாத கல்யாணம். வயிறார வாழ்த்திவிட்டு வந்தோம். தை அமாவாசையன்று மட்டும் அந்தப் பக்கம் நடை கிடையாது, அபிராமியைப் பார்க்க வரும் கூட்டத்தில் நிற்கவே இடமிருக்காது.

பாம்பு இருக்குமே?

இருக்கும். நெல் இருந்தால் எலி, எலி இருந்தால் அது. அதனால்தான் நன்றாக விடிந்தபிறகே வயல் பகுதிக்குள் நுழைகிறோம். வரப்பில் முன்னால் போகிறவர் கம்பால் தட்டிக்கொண்டே போவார். வைக்கோல் போரிலும் புதரிலும் கை வைக்கக் கூடாது. கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ இல்லை. காலை அசைக்காமல் வண்டி பிடித்து அரசு மருத்துவமனைக்கு, 108க்கு அழைப்பு. இதுவரை தேவைப்படவில்லை. நாய்கள்தான் உண்மையான தொந்தரவு. ஓடாதீர்கள், கூட்டமாக நில்லுங்கள், வீட்டுக்காரர் ஓர் அதட்டுப் போடுவார்.

கடற்கரையிலேயே நடந்தால் என்ன? குளிக்கலாமா?

கொஞ்ச தூரம் நடக்கலாம், நடக்கிறோம். கோட்டையிலிருந்து வடக்கே மாசிலாமணிநாதர் கோயில்வரை, வெயிலுக்கு முன். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அங்குள்ள கல்வெட்டில் ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி என்றிருக்கிறது. தரங்கம் என்றால் அலை, அலை பாடுகிற ஊர் என்று எல்லாப் பலகையிலும் எழுதியிருப்பார்கள். அழகான பொருள்தான், ஆனால் பழைய பெயரையும் மனதில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் நில்லுங்கள். கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. அலை பாடுவதோடு நிற்பதில்லை.

தெற்கே போனால் முகத்துவாரம் குறுக்கிடும். மழைக்காலத்துக்குப் பிறகு அது எங்கே, எவ்வளவு ஆழம் என்று சொல்ல முடியாது. கடக்கமாட்டோம். குளியலும் இல்லை. மீனவர் குப்பத்து வழியே போகும்போது வலை காயப்போட்டிருந்தால் மேலே கால் வைக்காதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 இங்கே கொண்டுபோன உயிர்கள் கொஞ்சமில்லை. அந்த நாளைப் பற்றி அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நாமாகக் கேட்பது வேண்டாம்.

தேவாலயங்களுக்கும் கோட்டைக்கும் போவோமா?

நடை முடிந்தபிறகு அவரவர் விருப்பம். 1701இல் எழுந்த சீயோன் ஆலயமும், சீகன்பால்கு அடக்கமாகியிருக்கும் 1718ஆம் ஆண்டுப் புதிய எருசலேம் ஆலயமும் ஒரே தெருவில் எதிரெதிர்ப் பக்கம்போலக் கிட்டக்கிட்ட இருக்கின்றன. ஞாயிறு காலை ஆராதனை நேரம், எனவே வேடிக்கை பார்க்க உள்ளே போகாதீர்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும்.

குழந்தைகள், முதியவர்கள்?

எட்டு வயதுக்கு மேல் என்றால் காகிதப் பாதை தாங்கும். எங்களில் மூத்தவருக்கு 74, அவர்தான் கடைசி ஆள் வேலையை விரும்பிக் கேட்டு வாங்கிக்கொள்பவர். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வராதீர்கள். முன் ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

எப்படி வருவது?

மயிலாடுதுறையிலிருந்து முப்பது கிலோமீட்டர், பேருந்து அடிக்கடி. சிதம்பரம்–காரைக்கால் பேருந்துகளும் இந்த வழிதான். சொந்த வண்டியில் வந்தால் வாயிலுக்கு வெளியே நிறுத்துங்கள். அனந்தமங்கலம் நடை தவிர மற்றவை முடிவது வேறு ஊரில், வண்டியை எடுக்கப் பேருந்தில்தான் திரும்ப வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் திருக்கடையூரில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம வண்டி எங்க?" என்று கேட்கிறார்.

மழை வந்தால்?

முதல் நாள் இரவு மழை என்றால் சாலைவழி மட்டும். காலையில் மழை என்றால் பொறையாரில் டீ.